தெருமுனையில் ஒரு புதிய ஐரிஷ் பப்: முதல் முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் இந்திராநகரை ஒட்டிய எங்கள் பகுதியில், கிராஸ் ரோடு மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடை இருந்தது. அது மூடியபின் பல மாதம் தகரத் தடுப்புக்குள் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சமீபத்தில் தடுப்பை எடுத்தார்கள். கரும்பச்சை மர முகப்பு, தங்க நிற எழுத்துகள், கண்ணாடிக்குப் பின்னால் பழைய தகர டப்பாக்கள். ஐரிஷ் பப்.

இதுவரை நான்கு முறை போய்விட்டேன். ஒரு முறை தனியாக, இரண்டு முறை நண்பர்களோடு, ஒரு முறை எதிர் வீட்டு மாமாவோடு. மாமா குடிப்பவர் அல்ல. ஆனால் பப்பின் பின்சுவரும் அவர் படுக்கையறைச் சுவரும் பத்தடி இடைவெளியில் இருக்கின்றன. ஆகவே அந்த இடத்தில் அவருக்கும் அக்கறை உண்டு. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பப்புக்கு வாடிக்கையாளராகப் போகலாம். தெருமுனையில் இருக்கும் பப்புக்கு அண்டை வீட்டுக்காரராகப் போக வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் என்ன குடிக்கலாம் என்பதோடு இந்த வழிகாட்டி நிற்காது.

முதல் இரண்டு வாரம் பொறுங்கள்

திறந்த முதல் சனிக்கிழமை வாசலில் கூட்டம் நின்றதைப் பார்த்து நானும் போக ஆசைப்பட்டேன். போகாதது நல்லதாயிற்று. புது இடத்தில் சமையலறைக்குக் கை பழகியிருக்காது. எந்த மேசைக்கு எது போக வேண்டும் என்று பரிமாறுகிறவர்கள் தடுமாறுவார்கள். மூன்றாவது வாரம், செவ்வாய் அல்லது புதன், மாலை 6 மணி: இதுதான் சரியான நேரம். வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போனால் மர வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும், பார் கவுண்டரில் இருப்பவருக்குப் பேச நேரம் இருக்கும். பெரும்பாலான இடங்களில் ஹேப்பி ஹவர் சலுகையும் அந்த நேரத்தில்தான். அது எத்தனை மணிவரை, எந்தெந்த பானங்களுக்கு என்பதை உட்காரும்போதே கேட்டுவிடுங்கள்.

போகும் நாள் மது விற்பனை இல்லாத நாளா என்றும் பாருங்கள். அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரியும். தேர்தல் வந்தால், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் அந்தத் தொகுதியில் விற்பனை கிடையாது. இதை மறந்து நண்பர்களைக் கூப்பிட்டுவிட்டு வாசலில் நிற்பவர்கள் பலர்.

அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இங்கே பப்களில் 21 வயது ஆனவர்களுக்குத்தான் மது தருகிறார்கள். பார்க்க இளமையாக இருந்தால் முப்பது வயதிலும் கேட்பார்கள். கேட்டால் கோபப்பட வேண்டாம், கேட்கிற இடம் ஒழுங்காக நடக்கிற இடம்.

பப்பின் தீம் என்ன என்று படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

பெங்களூருக்குத் தீம் பப் புதிதல்ல. பப் கலாசாரம் இங்கே வேர்விட்ட காலத்திலேயே சர்ச் ஸ்ட்ரீட்டில் 'நாசா' என்று விண்கலத்தின் உட்புறம் போலவே கட்டிய ஒரு பப் இருந்தது. லண்டன் சுரங்க ரயில் நிலையத்தைப் போல அலங்கரித்த 'அண்டர்கிரவுண்ட்' இன்னொன்று. 1989ல் தொடங்கிய 'பெக்கோஸ்' பெரிய அலங்காரம் எதுவும் செய்யவில்லை. ராக் இசையும் சுவர்ப் படங்களும் மர பெஞ்சுகளும்தான். அங்கே மாணவராகப் போனவர்கள் தலை நரைத்த பிறகும் போகிறார்கள். ஒரு தீம் முதல் நாள் வியப்பைத் தரும். பத்தாவது முறையும் அங்கே உட்காரத் தோன்றுமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஐரிஷ் பப் என்பது உலகம் முழுக்க ஏற்றுமதியான ஒரு தீம். 1970களில் டப்ளினில் கட்டடக் கலை படித்த மெல் மெக்நாலி என்பவர் அந்த நகரத்தின் பழைய பப்களை ஆராய்ந்தார். பின்னர் அவர் தொடங்கிய ஐரிஷ் பப் கம்பெனி, 1990களில் கின்னஸ் பீர் நிறுவனத்தோடு சேர்ந்து, பல நாடுகளுக்கு ஐரிஷ் பப்களை வடிவமைத்துத் தந்தது. கவுண்டர், அலமாரி, கண்ணாடி எல்லாம் அயர்லாந்தில் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். விக்டோரியா காலத்து டப்ளின் பாணி, கிராமத்துக் குடிசைப் பாணி, பீர் ஆலைப் பாணி, கடைப் பாணி என்று வகை வகையாக வடிவங்கள் உண்டு. உள்ளே நுழைந்ததும் இது எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். செதுக்கிய மரமும் பித்தளையும் பொறித்த கண்ணாடியும் நிறைந்திருந்தால் விக்டோரியா. சுண்ணாம்பு அடித்த சுவர், கல் பாவிய தரை, கணப்பு என்றால் குடிசை.

எங்கள் தெருவில் வந்திருப்பது கடைப் பாணி. இது எனக்கு மிகவும் பிடித்தது. அயர்லாந்தின் சிற்றூர்களில் ஒரே ஆள் மளிகைக் கடையும் நடத்துவார், மதுவும் ஊற்றுவார். முன்பக்கம் தேயிலை, சர்க்கரை, ஆணி, கயிறு. பின்பக்கம் பீப்பாய். சாமான் வாங்க வந்தவர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஊர்ச் செய்தி பேசிவிட்டுப் போவார். அதனால்தான் இந்தப் பாணியில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகளும் தராசும் டப்பாக்களும் வைக்கிறார்கள்.

மாமா உள்ளே நுழைந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டார்.

"ஏம்பா, பாருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தே. இது மளிகைக் கடை மாதிரி இருக்கே?"

"அந்த ஊர்ல அப்படித்தான் மாமா. முன்னால மளிகை, பின்னால குடிக்கிற இடம்."

"எங்கப்பா அல்சூர்ல கடை வெச்சிருந்தார். இதே மாதிரி டிராயர்தான். மேல மல்லி, அதுக்குக் கீழ சீரகம். நான் கண்ணை மூடிட்டே எடுத்துக் குடுப்பேன்."

ஒரு இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் உண்மையான இழுப்பறை. இதுவே நல்ல சோதனை. முகப்பு மட்டும் ஒட்டியதா, உண்மையிலேயே செய்ததா என்று தொட்டுப் பாருங்கள். இன்னொரு சோதனை இலை. அயர்லாந்தின் அடையாளம் ஷாம்ராக் எனும் மூன்று இலைக் கிளை. நான்கு இலை வரைந்து வைத்திருந்தால் அது அதிர்ஷ்டச் சின்னம், ஐரிஷ் சின்னம் அல்ல. வடிவமைத்தவர் சரியாகப் படிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

எங்கே உட்காருவது

பழைய ஐரிஷ் பப்களில் 'ஸ்னக்' என்று ஒரு சின்னத் தடுப்பறை இருக்கும். கவுண்டரை ஒட்டி, கதவோடு, மது வாங்க ஒரு சிறு ஜன்னலோடு. பொது இடத்தில் குடிப்பதைப் பிறர் பார்க்க விரும்பாதவர்களுக்காக அது வந்தது. பெண்கள், ஊர்ப் பாதிரியார், போலீஸ்காரர். இன்று அது பப்பிலேயே அமைதியான இடம். உங்கள் பப்பில் ஸ்னக் இருந்தால், பெரியவர்களோடு போகும்போது முன்கூட்டியே அதைக் கேட்டு வையுங்கள். நாங்கள் மாமாவோடு அங்கேதான் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் கத்தாமல் பேச முடிந்தது.

தனியாகப் போனால் கவுண்டர் ஸ்டூல்தான். ஊற்றுவதைப் பார்க்கலாம், ஊற்றுகிறவரோடு பேசலாம்.

எங்கே உட்கார்ந்தாலும், உட்காருவதற்கு முன் வெளியேறும் வழிகள் இரண்டு எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பர் 29 அதிகாலையில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் பரவிய தீயில் 14 பேர் இறந்தார்கள். மரமும் துணியும் நிறைந்த தீம் அலங்காரம் எளிதில் எரியும். சமையலறை வழியாகவோ பின்பக்கமாகவோ இரண்டாவது கதவு இருக்கிறதா, அதன் முன்னால் பீர்ப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களா? கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு பார்வை போதும். நான் முன்பு போய்வந்த ஒரு இடத்தில் பின்கதவைப் பூட்டி, அதன்மேல் ஒரு கலைமானின் தலையை மாட்டியிருந்தார்கள். சொல்லிப் பார்த்தேன், மாற்றவில்லை. அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

முதலில் அளவு. அயர்லாந்தில் பைண்ட் என்றால் 568 மில்லி. நம் ஊரில் பைண்ட் என்றால் பலருக்கு 330 மில்லி பாட்டில். மெனுவில் பைண்ட் என்று மட்டும் போட்டிருந்தால் "எத்தனை மில்லி?" என்று கேளுங்கள். விலையை ஒப்பிட அது ஒன்றுதான் வழி.

அடுத்து ஸ்டவுட். ஐரிஷ் பப் என்றாலே நினைவுக்கு வரும் கறுப்பு பீர் அது. ஆர்தர் கின்னஸ் 1759ல் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸஸ் கேட் பீர் ஆலையை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார் என்ற கதை பப் சுவர்களில் எழுதியிருக்கும். குத்தகை உண்மைதான். ஸ்டவுட்டின் கறுப்பு நிறம் நன்றாக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. அந்த மெல்லிய கசப்பு, டிகாஷன் குடித்துப் பழகிய நமக்கு முதல் வாயிலேயே பிடிபடும். மற்ற பீர்களில் கரியமில வாயுதான் நுரை தரும். இதில் நைட்ரஜனும் சேர்வதால் குமிழிகள் மிகச் சிறியவை, நுரை பாலாடை போல நிற்கும்.

ஊற்றுவதைக் கவனியுங்கள். கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்பி, கீழே வைத்துவிடுவார்கள். பழுப்பு மேகம் போலச் சுழன்று அடங்கும். அப்புறம் நேராகப் பிடித்து மீதியை ஊற்றுவார்கள். கின்னஸ் விளம்பரங்களில் இதற்கு 119.5 வினாடி என்று கணக்கே சொல்வார்கள். கிளாஸின் ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்து வியக்காதவர் இல்லை. கண் மயக்கம் அல்ல, அது நிஜம். நடுவில் குமிழிகள் வேகமாக மேலே ஏறும்போது திரவத்தையும் இழுத்துச் செல்கின்றன, அந்தத் திரவம் ஓரமாகக் கீழே இறங்கும்போது அங்கிருக்கும் சின்னக் குமிழிகளையும் சேர்த்து இழுத்து வருகிறது. ஒரே மூச்சில் விளிம்புவரை ஊற்றி நீட்டினால் அவர்களுக்கு இன்னும் பயிற்சி போதவில்லை. குழாயில் இல்லாமல் கேனில் தந்தாலும் குறையில்லை. உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் உருண்டை இருக்கும். கேனைத் திறந்ததும் அது நைட்ரஜனை வெளியேற்றி அதே நுரையைத் தரும்.

கறுப்பாக இருப்பதால் ஸ்டவுட் கடுமையானது என்று பலர் நினைக்கிறார்கள். கின்னஸ் டிராஃப்டின் மதுச்சத்து 4.2 சதவீதம்தான். ஒரு முழு ஐரிஷ் பைண்ட்டில் சுமார் 19 கிராம் ஆல்கஹால். நம் கடைகளில் விற்கும் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம். நிறத்தைப் பார்க்காதீர்கள், சதவீதத்தையும் மில்லியையும் பாருங்கள்.

புதிய வகை எதுவானாலும் முதலில் ருசி பார்க்கக் கொஞ்சம் கேளுங்கள். குழாயில் வரும் பீருக்கு இங்கே பெரும்பாலும் தயங்காமல் தருவார்கள். குடிக்காதவர்களுக்கு என்ன இருக்கிறது என்பதையும் நான் எப்போதும் பார்ப்பேன். மாமாவுக்கு ஃப்ரெஷ் லைம் சோடா உப்புப் போட்டு வந்தது, கேட்காமலேயே இரண்டாவது கிளாஸுக்கு விசாரித்தார்கள். குடிக்காதவரை ஒரு ஓரமாக நினைக்காத இடம் நல்ல இடம்.

ஒரு வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரிஷ் பப்பில் 'ரவுண்டு' முறை உண்டு. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். அழகான பழக்கம்தான், ஆனால் ஐந்து பேர் போனால் ஐந்து கிளாஸ் ஆகிவிடும். பாதியில் விலகுவது மரியாதைக் குறைவு என்று நினைத்துக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலேயே "நான் என் கணக்கில் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை.

சாப்பாடு

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். ஐரிஷ் ஸ்டூ என்பது ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் சேர்த்து மெதுவாக வேகவைத்தது. மசாலா கிடையாது, இறைச்சியின் சாறுதான் சுவை. அதில் காரம் தேடினால் ஏமாற்றம் வரும். எங்கள் பப்பில் ஸ்டூ நன்றாக இருந்தது, சோடா பிரெட் காய்ந்து போயிருந்தது, மீன் வறுவலில் மாவு அதிகம். பக்கத்து மேசையில் எல்லோரும் நெய் ரோஸ்ட் சிக்கன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டவுட்டின் கசப்புக்கு அந்த மங்களூர்க் காரம் பொருந்தும் என்பதை அன்றுதான் கண்டேன்.

தண்ணீர் கேட்டால் பாட்டிலைத் திறந்துகொண்டு வருவார்கள். சாதாரணக் குடிநீர் போதும் என்றால் முன்பே சொல்லுங்கள். ஒவ்வொரு கிளாஸ் பீருக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர்.

பில்

பில்லில் மூன்று பகுதிகளைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, பெரும்பாலான உணவகங்களில் 5 சதவீதம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது மாநில வரிக்குள் வரும். ஆகவே மொத்தத் தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேளுங்கள். மூன்றாவது சர்வீஸ் சார்ஜ். இது வரி அல்ல. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதிமுறை தந்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லலாம், குரலை உயர்த்தத் தேவையில்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிவிட்டு டிப்ஸும் வைக்காமல் வருவது சரியல்ல. பெங்களூர் பப்களில் பரிமாறும் பையன்கள் பலர் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், நள்ளிரவு தாண்டி வேலை செய்கிறார்கள். பணமாக, அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

வீடு திரும்புவது

தெருமுனை பப்பின் பெரிய வசதி, நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். "பக்கத்துலதானே" என்று வண்டியை எடுப்பதும் அதனால்தான் நடக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். சராசரி எடையுள்ள ஒருவர் ஒரே ஒரு முழு பைண்ட் குடித்தாலே அதைத் தாண்டிவிடக்கூடும். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அபராதத்தை விடுங்கள். எங்கள் கிராஸில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தூரத்திலிருந்து வரும் நண்பர்கள் மெட்ரோவின் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைக்கட்டும். பப் இரவு 1 மணி வரை திறந்திருக்கலாம், ரயில் அதுவரை ஓடாது.

அண்டை வீட்டுக்காரராகப் பேசுவது

சென்னையிலிருந்து வரும் உறவினர்களுக்கு இந்தப் பகுதி புதிராக இருக்கும். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில், பப் என்றால் ஹோட்டலுக்குள். குடியிருப்புத் தெருவில் பப் என்பதை அவர்கள் பார்த்ததில்லை. இங்கே இந்திராநகர், கோரமங்களா மக்கள் பல ஆண்டுகளாகச் சத்தம் பற்றியும் வண்டி நிறுத்துவது பற்றியும் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான புகார். குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்குப் பிறகு 45. மூடிய அறைக்குள் பாட்டுப் போடலாம், ஆனால் வெளியே அந்த அளவைத் தாண்டக் கூடாது.

சண்டைக்குப் போகும் முன், ஒரு முறை உள்ளே போய் மேலாளரைச் சந்தியுங்கள். மாலை 6 மணிக்குப் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், அப்போதுதான் அவருக்குக் காது கொடுக்க நேரம் இருக்கும். எந்த வீடு, எந்த அறை, எந்த நேரம், பாட்டுச் சத்தமா, அதிர்வா, வாசலில் நிற்பவர்களின் பேச்சா என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "ரொம்பச் சத்தம்" என்றால் அவரால் எதையும் சரி செய்ய முடியாது. அவருடைய கைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா சோடாவை முடித்துவிட்டு மேலாளரிடம் சொன்னார்: "தம்பி, பாட்டு கேக்கல. டம் டம்னு மட்டும் வருது. கட்டில் ஆடுது." அந்த இளைஞர் மறுநாள் இரவு பதினோரு மணிக்கு மாமா வீட்டுக்கே வந்து, படுக்கையறையில் ஐந்து நிமிடம் நின்று கேட்டார். பின்சுவரை ஒட்டி வைத்திருந்த சப் வூஃபரை அந்த வாரமே எடுத்து, கவுண்டர் பக்கம் மாற்றினார்கள். நேற்று மாமாவைப் பார்த்தபோது விசாரித்தேன்.

"இப்ப பரவாயில்லைப்பா. அந்த டிராயரையெல்லாம் சும்மா வெச்சிருக்காங்களே, கொஞ்சம் லவங்கமாவது போட்டு வைக்கச் சொல்லு. திறந்தா வாசனை வரும்."

மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம். அன்று எந்த ஐரிஷ் பப்பிலும் இடம் கிடைக்காது. ஸ்னக்கை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று பேருக்கு.